திருகோணமலையில் ஓடத் தொடங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

வேலை மாற்றலாகித் திருகோணமலைக்கு வந்து, வாடகை அறையில் தனியே இருக்கும் ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் ஒரு கட்டத்தில் ஓட்டச் சப்பாத்து வாங்குகிறார்கள். மாலையில் பேச ஆளில்லை, கடைச் சாப்பாட்டில் வயிறும் முன்னுக்கு வந்துவிட்டது. ஓடுவது நல்ல முடிவுதான். ஆனால் பலர் சில வாரங்களிலேயே கணைக்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

காரணம் பெரும்பாலும் வேகம். பாடசாலை விளையாட்டுப் போட்டியில் 400 மீற்றர் ஓடிய நினைவு நம்மை விடுவதில்லை. மூச்சு முட்டினால்தான் ஓட்டம் என்று நினைக்கிறோம். நெடுந்தூர ஓட்டத்தின் அளவுகோல் வேறு. ஓடிக்கொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். முடியவில்லையா, வேகத்தைக் குறையுங்கள். அப்போதும் முடியவில்லையா, நடங்கள். இரண்டு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடப்பதில் எந்தக் குறைவும் இல்லை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும். தசைநாண்களும் எலும்பும் உறுதிப்பட மாதக்கணக்காகும். மூச்சு சீராகிவிட்டதே என்று தூரத்தை மளமளவென்று கூட்டுகிறவருக்குத்தான் கணைக்கால் எலும்பின் உள்விளிம்பில் வலி பிடிக்கிறது. வலி பரவலாக இருந்தால் ஓட்டத்தைக் குறைத்து ஓய்வெடுத்துப் பார்க்கலாம். ஒரே புள்ளியில் விரல் வைத்துக் காட்டக்கூடிய வலி என்றால் எலும்பில் கீறல் இருக்கக்கூடும். வைத்தியரிடம் காட்டாமல் ஓடவே கூடாது.

மெதுவாக ஓடினால் வேறொரு இலாபமும் உண்டு, என்னைக் கேட்டால் அதுதான் பெரிது. ஊர் உங்களைப் பார்க்கிறது. உட்துறைமுக வீதியில் விடியற்காலையில் நடக்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே முகங்கள். முதலில் வெறும் பார்வை, பிறகு தலையசைப்பு, அதன் பிறகு “எந்த ஊர், தம்பி?” என்ற கேள்வி. காதில் பாட்டை மாட்டிக்கொண்டு பறக்கிறவருக்கு இந்தக் கேள்வி வந்து சேராது. கேட்டவருக்கு நின்று பதில் சொல்லுங்கள். கைக்கடிகாரத்தில் சராசரி வேகம் கெட்டால் கெட்டுப் போகட்டும். நாளாக ஆக, வள்ளத்தின் விளிம்பில் இருந்து வலையில் சிக்கிய நண்டின் காலை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருப்பவர், தலையை நிமிர்த்தாமலே “இன்றைக்குப் பிந்திவிட்டீர்கள்” என்பார். உங்கள் நேரம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. வாடகை அறைக்காரர் இனி வெளியூர்க்காரர் இல்லை.

வெயிலைக் குறைத்து மதிப்பிடுவது அடுத்த தவறு. மலைநாட்டிலிருந்து வருகிறவர்கள் இதில் அதிகம் அகப்படுகிறார்கள். வெப்பத்துக்கு உடல் பழக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் எடுக்கும். அதுவரை பழைய வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஜூன், ஜூலையில் கச்சான் என்னும் வறண்ட சூட்டுக்காற்று வீசும் நாட்களில் தொடக்கத்தில் காற்றை எதிர்த்து ஓடி, அது முதுகில் தள்ளத் திரும்புங்கள். மாற்றிச் செய்தால், களைத்த நேரத்தில் சூட்டுக்காற்றை முகத்தில் வாங்க வேண்டியிருக்கும். நீண்ட ஓட்டத்தில் வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து; இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம் வரலாம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும் நாளில் தாகத்துக்கு ஏற்பக் குடித்து, உப்பும் சேருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். தலை சுற்றினால், உடல் குளிர்ந்து நடுங்கினால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு நிழலுக்குப் போங்கள்.

இடத்தைத் தெரிந்துகொள்ளாமல் ஓடுவதும் தவறு. உப்புவெளிக் கடற்கரை பார்க்க அழகு, ஆனால் கரை கடலை நோக்கிச் சரிவானது. ஒரே பக்கமாக நெடுந்தூரம் போனால் ஒரு கால் தாழ்ந்தும் மற்றது உயர்ந்தும் மிதித்து இடுப்பும் முழங்காலும் நோகும். போன தூரத்துக்குத் திரும்பி வாருங்கள். ஈரத்தில் இறுகிக் கெட்டியான மணலில் ஓடுங்கள். பிரடெரிக் கோட்டைக்குள்ளாகக் கோணேஸ்வரம் கோயிலை நோக்கி ஏறும் பாதை கால்களுக்கு நல்ல பயிற்சி. தொல்லை ஏறுவதில் இல்லை, இறங்குவதில்தான்: வேகமாக இறங்கினால் தொடைத்தசைகளும் முழங்காலும் அடியைத் தாங்க வேண்டும். குறுகிய அடியெடுத்து இறங்குங்கள். புள்ளிமான்கள் வழியில் நிற்கும், உங்களுக்காக விலகாது. வெள்ளிக்கிழமையும் பூசை நேரமும் கோயிலுக்கு வருகிறவர்களுடையவை. அந்த நேரத்தில் அங்கே ஓடுவது மரியாதையல்ல. பிரதான வீதிகளில் வாகனம் இடப்பக்கமாக வருவதால், நீங்கள் வலப்பக்கமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி ஓடுங்கள்.

கட்டாக்காலி நாய்கள் துரத்தினால் வேகத்தைக் கூட்டாதீர்கள். நின்று திரும்பினால் பெரும்பாலும் ஒதுங்கிவிடும். கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மஞ்சளோ சாம்பலோ போட்டு இருந்துவிடக் கூடாது.

இன்னொரு தவறு வயதாகிவிட்டது, பெண்ணாயிற்றே என்று சொல்லிப் பின்வாங்குவது. முல்லைத்தீவு மாவட்டத்தின் முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி, 2023இல் பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் 72 வயதில் 1500 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் பெற்றார். தனியாக ஓடத் தயங்கும் பெண்கள் நடைக்கு வரும் அயல்வீட்டு அக்காமாருடன் ஒரே நேரத்தில் தொடங்கலாம். முன்னே ஓடி, திரும்பி வந்து அவர்களோடு சேர்ந்துகொள்ளலாம்.

வேகம் வந்த பிறகு கூட்டத்தில் சேரலாம் என்று காத்திருப்பவர்கள் பல மாதம் காத்திருந்துவிடுகிறார்கள். சேருவதற்கு வேகம் தேவையில்லை, ஒழுங்காக வருவதுதான் தேவை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் நடமாடும் ஊர் இது. தங்கள் ஆட்களோடு மட்டும் ஓடுகிறவர் ஊரின் பாதியைப் பார்க்காமலே திரும்புவார். நோன்பு மாதத்தில் முஸ்லிம் நண்பர்கள் பெரும்பாலும் பகலில் ஓட மாட்டார்கள். நீங்களும் இரவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நோன்பு திறக்க அழைத்தால் போங்கள். கஞ்சியை மறுக்க வேண்டாம். ஆனால் அதைக் குடித்த கையோடு பத்துக் கிலோமீற்றர் ஓடலாம் என்று மட்டும் கனவு காணாதீர்கள்.