வாய்ட் டெக்கில் ஒரு தற்காலக் கலை விழா: எங்கிருந்து தொடங்குவது?

தேதி குறிப்பதும் ஓவியர்களைக் கூப்பிடுவதும் அப்புறம். முதலில் இடத்தில் போய் உட்காருங்கள். சிங்கப்பூரில் உங்கள் அடுக்குமாடி புளோக்கின் வாய்ட் டெக்கில், அதாவது கீழ்த்தளத்துத் திறந்தவெளியில், வாரநாள் காலை ஒருமுறை, ஞாயிறு மாலை ஒருமுறை. யார் எந்த வழியாக எம்ஆர்டி ரயிலுக்கு நடக்கிறார்கள், பெரியவர்கள் எந்த மேசையில் சதுரங்கம் ஆடுகிறார்கள், பிள்ளைகள் எங்கே சைக்கிள் விடுகிறார்கள், வெயில் எந்தத் தூண்வரை வருகிறது, சாரல் அடித்தால் எதுவரை நனைகிறது என்று பாருங்கள். அந்தச் சதுரங்க மேசையை நகர்த்திவிட்டு அங்கே சிற்பத்தை வைத்தால் அந்தப் பெரியவர்கள் விழா முடியும்வரை அந்தப் பக்கமே வரமாட்டார்கள், அவர்கள் இல்லாமல் இது அக்கம்பக்கத்து விழாவும் ஆகாது.

இடம் நகர மன்றத்தின் பொறுப்பில் இருக்கும், எனவே பதிவும் அனுமதியும் அங்கேதான். தூணில் ஆணி அடிக்க முடியாது, தானாக நிற்கும் தட்டிகள்தான் வழி. மின்சாரம் எங்கிருந்து எடுப்பது என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். பொது இடத்துக் கலைக் கண்காட்சிக்குத் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் (ஐஎம்டிஏ) உரிமம் தேவைப்படலாம், உங்கள் விழா எந்த வகையில் வருகிறது என்று சீக்கிரமே விசாரித்து, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவதாக இருந்தால் இசைக் காப்புரிமை அமைப்பான காம்பாசின் உரிமமும் பார்க்க வேண்டும். வசிப்போர் குழுவில் ஒரு அண்ணனோ அக்காவோ ஆரம்பத்திலிருந்து உங்கள் பக்கம் இருந்தால் இந்த வேலைகளில் பாதி தானாக நகரும். இன்னொன்றும் மனத்தில் இருக்கட்டும். அந்த புளோக்கில் ஒரு துக்கம் நேர்ந்தால் கூடாரம் அங்கேதான் போடுவார்கள். அப்போது எந்தப் பகுதியை விட்டுக்கொடுப்பது, படங்களை எங்கே நகர்த்துவது என்று முதலிலேயே முடிவு செய்து வைத்திருங்கள்.

இனி கலை. "இதெல்லாம் நமக்குப் புரியாதுப்பா" என்பதுதான் நீங்கள் அதிகம் கேட்கப்போகும் பேச்சு. தேசிய அரும்பொருளகத்தில் நிற்கும் கலைஞர் குமாரி நாகப்பனின் பெரிய சிவப்பு மிளகாய்ச் சிற்பத்தை அப்படிச் சொல்பவர்களுக்குக் காட்டுங்கள், அதற்கு விளக்கவுரை எதுவும் வேண்டியதில்லை. 1988-ல் எஸ். சந்திரசேகரன், கோ ஈ சூ, சாலே ஜப்பார் என்ற கலைஞர்கள் மூவரும் சேர்ந்து 'திரிமூர்த்தி' கண்காட்சியை வைத்தபோது, அவரவர் மரபிலிருந்து எடுத்ததைத்தான் புதிய வடிவத்தில் முன்வைத்தார்கள். அதே 1988-ல் கலைஞர் டாங் டா வூ 'ஆர்ட்டிஸ்ட்ஸ் வில்லேஜ்' என்ற கலைஞர் குழுவைத் தொடங்கிய இடம் லோரோங் காம்பாசில் ஒரு கோழிப்பண்ணை. தற்காலக் கலை இந்த ஊரில் குளிர்சாதன அறைக்குள் பிறக்கவில்லை, அதனால் வாய்ட் டெக்குக்கு அது ஒன்றும் அந்நியமில்லை.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: விழாவின் முக்கியமான படைப்பு ஒன்றாவது அங்கே குடியிருப்பவர்கள் கைபட்டு உருவாக வேண்டும். முடித்த படைப்புகளை மட்டும் கொண்டுவந்து மாட்டினால் கடந்துபோகிறவர்கள் கடந்துபோய்க்கொண்டே இருப்பார்கள். துணி ஒரு நல்ல வழி. வீட்டுக்கு ஒரு பழைய துணி கேளுங்கள். கிழிந்த கைலி, சாயம் போன சுங்குடிச் சேலை, பாத்தேக் சட்டை, பிள்ளைக்குச் சிறிதாகிப்போன பள்ளிச் சீருடை, எது வந்தாலும் சரி. ஒரு கலைஞர் வழிநடத்த, நாலைந்து சனிக்கிழமை மாலைகளில் மேசை போட்டு எல்லாரும் சேர்ந்து அவற்றை ஒரே பெரிய துணியாகத் தைக்கட்டும். ஊசியில் நூல் கோக்கத் தெரிந்த பாட்டிதான் அங்கே ஆசிரியர், அவருக்குப் பக்கத்தில் ஆறாம் மாடிச் சீனப் பையன் பித்தான் வைத்துத் தைத்துக்கொண்டிருப்பான். விழா அன்று அந்தப் பாட்டி தன் துண்டைக் காட்டுவதற்காகவே பேரப்பிள்ளைகளையும் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வருவார், நீங்கள் சுவரொட்டி அடித்துக் கூட்டும் கூட்டத்தைவிட இது பெரிது.

கலைஞருக்குப் பணம் கொடுங்கள். "விளம்பரம் கிடைக்குமே" என்று மட்டும் சொல்லாதீர்கள். பட்ஜெட் தாளில் முதல் வரி அவருடைய ஊதியமாக இருக்கட்டும், பொருள் செலவு தனி வரியில். தேசியக் கலைகள் மன்றத்தின் மானியத்துக்கு விண்ணப்பித்துப் பார்க்கலாம், ஆனால் பணம் வந்த பிறகுதான் ஆரம்பிப்போம் என்று உட்கார்ந்துவிடாமல், பத்துப் படைப்புகளுக்குப் பதில் நான்கோடு சின்னதாகத் தொடங்குங்கள்.

தேதிக்கு வருவோம். டிசம்பர், ஜனவரி வேண்டாம். பருவமழை ஒரு பக்கம், ஜனவரியில் நடக்கும் 'சிங்கப்பூர் ஆர்ட் வீக்' கலை வாரம் இன்னொரு பக்கம், ஓவியர்கள் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். மார்ச் பள்ளி விடுமுறை நன்றாக ஒத்துவரும், நோன்பு மாதம் எப்போது வருகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையை விடாதீர்கள், கட்டுமான வேலை செய்யும் தம்பிகள் பலருக்கு அன்றுதான் ஓய்வு. ஒளிப்படமோ ஓவியமோ அவர்களில் சிலர் அருமையாகச் செய்கிறார்கள்.

நம்மூர் ஈரப்பதத்தில் சாதாரணத் தாள் ஒரே நாளில் நெளிந்துவிடும், அச்சுப் படங்களை ஃபோம் போர்டிலோ அலுமினியப் பலகையிலோ ஏற்றுங்கள். வீடியோ படைப்பு இருந்தால் பகலில் புரொஜெக்டரைப் போட்டுப் பயனில்லை, வாய்ட் டெக் நாலா பக்கமும் திறந்து கிடக்கிறது. இங்கே ஆண்டு முழுக்க ஏழு மணியை ஒட்டித்தான் பொழுது சாய்கிறது, ஏழரைக்கு ஆரம்பித்தால் பத்து மணிவரை ஓட்டலாம். பத்தரைக்கு மேல் சத்தம் கூடாது. லிஃப்டுக்குப் போகும் வழியை மறிக்காதீர்கள், சக்கர நாற்காலி தாராளமாகப் போய்வர இடம் விட்டுத் தட்டிகளை நிறுத்துங்கள்.

விளக்க அட்டைகள் ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என நாலு மொழியிலும் இருக்கட்டும், ஒவ்வொன்றும் நாலைந்து வரிக்குள், பெரிய எழுத்தில். தமிழை மொழிபெயர்ப்புச் செயலியிடம் விடாமல் தமிழ் எழுதுகிற ஒருவரிடம் கொடுங்கள். அச்சகத்துக்கு வேர்ட் கோப்பாக அனுப்பினால் அவர்கள் கணினியில் கொம்பும் காலும் இடம் மாறிப்போகலாம். பிடிஎஃப் ஆக அனுப்புங்கள், அச்சடிக்கும் முன் மாதிரித் தாளைக் கையில் வாங்கி, தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் எழுத்தெழுத்தாகச் சரிபார்க்க வேண்டும். இதில் சோம்பல் வேண்டவே வேண்டாம்.

சாப்பாட்டுக் கடைகளை விட்டுவிடுங்கள், பக்கத்துக் காப்பிக் கடைக்கு வியாபாரம் ஆகட்டும்.

பிரித்தெடுக்கும் நாளுக்கும் ஆள் சொல்லி வையுங்கள், விழா முடிந்ததும் பாதிப் பேர் காணாமல் போவார்கள். படைப்பைத் திருப்பித் தரும்போது கையெழுத்து வாங்குங்கள், இடத்தைக் கூட்டித் துடைத்து, தூண்களைப் படம் எடுத்து நகர மன்றத்துக்கு அனுப்புங்கள். அந்தத் துணி யாரிடம் இருக்கப்போகிறது என்பதைத் தைத்தவர்களே உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும்.