காரின் இன்ஜின் ஆயில் அளவைச் சரியாகப் பார்க்கும் முறை

சிறிய பெட்ரோல் கார் ஒன்றின் டிப் ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு பார்க்கும் குச்சியை, வெளியே இழுத்து, அதன் நுனியில் இருக்கும் மேல் குறிக்கும் கீழ்க் குறிக்கும் இடையிலான தூரத்தைப் பார்த்தால், அது பெரும்பாலும் ஒரு விரற்கடையைச் சற்றே தாண்டும். பல கார்களில் அந்தச் சிறு இடைவெளி ஏறக்குறைய 1 லிட்டர் ஆயிலைக் குறிக்கிறது. இன்ஜினில் உள்ள மொத்த ஆயிலே 3 அல்லது 3.5 லிட்டர்தான் என்னும்போது, குச்சியில் இரண்டு மில்லிமீட்டரைத் தவறாகப் படித்தாலும் கணக்கில் 100 மில்லி பிசகிவிடும். ஆயில் அளவு பார்ப்பதில் கைவேலை மிகக் குறைவு. கார் சமமாக நிற்கிறதா, மேலே ஏறிய ஆயில் கீழே வந்து சேர்ந்துவிட்டதா என்ற இரண்டையும் உறுதி செய்துகொள்வதில்தான் முழுக் கவனமும் வேண்டும்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். நம் வீடுகளில் மழைநீர் வடிவதற்காகப் போர்டிகோவின் தரையை வாசல் பக்கம் சற்றுச் சரித்தே போடுகிறார்கள். இடம் போதாத வீடுகளில் காரின் பின்சக்கரங்கள் சாய்தளத்திலேயே நின்றுவிடுவதும் உண்டு. கண்ணுக்குச் சமமாகத் தெரியும் தரையை நம்பாமல், உருண்டையான தண்ணீர் பாட்டில் ஒன்றைக் காரின் பக்கத்தில் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் படுக்க வைத்துப் பாருங்கள். அது தானாக உருண்டால் அந்த இடம் வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன், குன்னூரில் உறவினர் வீட்டு வாசலில் முன்பக்கம் மேடேறி நின்ற என் காரில் ஆயில் பார்த்தேன். குச்சி நுழையும் குழாய் அந்த இன்ஜினின் முன்புறம் இருந்தது. ஆயிலோ சரிவுக்கு ஏற்பப் பின்னால் ஒதுங்கியிருந்தது. கீழ்க் குறிக்கும் கீழே காட்டியதால் பதறிப்போய் அரை லிட்டர் ஊற்றினேன். மறுநாள் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, சமதரையில் நிறுத்திப் பார்த்தபோது மேல் குறியைத் தாண்டி நின்றது. அதிகப்படி ஆயிலை இறக்க ஒரு மெக்கானிக் ஷெட்டில் அரை நாள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்தது நேரம். இன்ஜின் ஓடும்போது ஆயில் பம்ப் கீழேயுள்ள ஆயில் சேம்பரிலிருந்து ஆயிலை உறிஞ்சி, ஃபில்டர் வழியாக பேரிங்குகளுக்கும், இன்ஜினின் மேல் பகுதியான ஹெட்டில் உள்ள கேம் ஷாஃப்ட்டுக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இன்ஜினை நிறுத்திய உடனே குச்சியை இழுத்தால், இன்னும் மேலேயே தங்கியிருக்கும் ஆயில் கணக்கில் வராது. அளவு உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும். பெட்ரோல் பங்க்கில் வண்டி நின்ற மறு நிமிடமே பானட்டைத் திறந்து, "ஆயில் குறைவா இருக்கு சார், ஒரு பாட்டில் ஊத்திடலாமா?" என்று கேட்பவர்களுக்கு இதனாலேயே நான் சரி என்று சொல்வதில்லை. அவர்கள் காட்டும் குச்சியில் பொய் இருக்காது, ஆனால் பார்க்கும் நேரம் தவறு.

பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்லும் முறை இதுதான்: இன்ஜினை நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டு நிறுத்தி, 5 முதல் 10 நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், குளிர்ந்த நிலையில் பார்க்கச் சொல்வோரும் உண்டு. இரண்டுக்கும் சிறிது வேறுபாடு வரும். ஆயில் சூடானால் விரிகிறது, வெப்பம் 60 டிகிரி உயர்ந்தால் அதன் பருமன் சுமார் 4 விழுக்காடு கூடும், 3.5 லிட்டரில் அது ஏறக்குறைய 150 மில்லி. ஆகவே உங்கள் காரின் கையேடு எந்த நிலையைச் சொல்கிறதோ அந்த நிலையிலேயே எப்போதும் பாருங்கள். கையேடு கைவசம் இல்லையென்றால், ஏதாவது ஒரு முறையைப் பிடித்துக்கொண்டு அதை மாற்றாமல் இருந்தால்தான் சென்ற மாத அளவையும் இந்த மாத அளவையும் ஒப்பிட முடியும்.

ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சாவியைக் கழற்றி எடுத்துக்கொண்ட பிறகு பானட்டைத் திறக்க வேண்டும். ரேடியேட்டர் ஃபேன் மின்சாரத்தில் ஓடும் கார்களில், இன்ஜின் நின்ற பின்னும் அது திடீரென்று சுழலக்கூடும் என்பதால் கையையும் துப்பட்டா, துண்டு போன்றவற்றையும் அதன் பக்கம் கொண்டுபோகக் கூடாது. டிப் ஸ்டிக்கின் தலை பெரும்பாலும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிற வளையமாக இருக்கும். சில ஆட்டோமேடிக் கார்களில் கியர் ஆயிலுக்கும் தனிக் குச்சி உண்டு. தலையில் உள்ள குறியீட்டைப் பார்த்து வேறுபடுத்திக்கொள்ளுங்கள்.

துடைக்க நூல் வேஸ்ட் வேண்டாம். அதன் இழைகள் குச்சியில் ஒட்டிக்கொண்டு உள்ளே போய்விடும். மெக்கானிக் ஷெட்டுகளில் பயன்படும் பனியன் வேஸ்ட்டில் சுத்தமான துண்டு ஒன்று போதும். முதல் முறை இழுக்கும்போது குச்சியில் தெரிவதை அளவாகக் கொள்ளவே கூடாது. ஓட்டத்தில் தெறித்த ஆயில் குச்சியின் மேல் பகுதிவரை பூசியிருக்கும். அதை முழுவதும் துடைத்துவிட்டு, தலை குழாயின் வாயில் படும்வரை அழுத்தி, ஒரு விநாடி விட்டு மெதுவாக இழுங்கள். பாதியில் சிக்கினால் குச்சியைச் சற்றே திருப்பிப் பாருங்கள். முழுமையாக இறங்காத குச்சி ஆயிலைக் குறைத்தே காட்டும்.

வெளியே வந்த குச்சியின் நுனியைக் கீழ்நோக்கியோ படுக்கை வசத்திலோ பிடியுங்கள். வெளிச்சத்துக்காக நுனியை மேலே தூக்கினால் ஆயில் கைப்பிடிப் பக்கம் வழிந்து, இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கத்தில் ஆயில் மேலேவரை கோடாக இழுத்திருக்கலாம். அது குழாயின் சுவரில் உரசியதால் வந்தது. இரு பக்கங்களில் எது குறைவாகக் காட்டுகிறதோ, எந்த இடம்வரை ஆயில் இடைவெளியில்லாமல் ஒரே சீராகப் படிந்திருக்கிறதோ, அதுவே அளவு. புதிதாக மாற்றிய ஆயில் தேன் நிறத்தில், குச்சியில் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவாக இருக்கும். அப்போது வெள்ளைத் தாள் ஒன்றின்மேல் குச்சியை ஒற்றி எடுத்தால் ஈரம் எதுவரை என்பது தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் துடைத்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு அளவுகள் ஒத்துப்போனால்தான் நான் நம்புவேன்.

குறிகளுக்கு நடுவில் எங்கே நின்றாலும் இன்ஜினுக்குக் குறையில்லை. மேல் குறியைத் தொட்டே ஆக வேண்டும் என்று ஊற்றத் தேவையில்லை. கீழ்க் குறிக்கு அருகில் வந்துவிட்டால் மட்டும், புனல் வைத்து ஒரு முறைக்கு 250 மில்லிக்கு மேல் போகாமல் ஊற்றி, சில நிமிடங்கள் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அளவு மீறினால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலில் அடித்து நுரையாக்கும். நுரைத்த ஆயிலால் பேரிங்குகளுக்கு வேண்டிய அழுத்தத்தைத் தாங்க முடியாது. சீல்களில் கசிவும் வரலாம். குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு என்பது இங்கே சொல்லளவில் நிற்கும் விஷயம் அல்ல.

எந்த ஆயில் என்பதைக் கையேடு சொல்லும். பல கார்களில் ஆயில் ஊற்றும் மூடியின்மேலேயே அச்சிட்டிருக்கும். 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்பதில் டபிள்யூவுக்கு முன்னுள்ள எண் குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதையும், பின்னுள்ள எண் சூட்டில் அதன் கெட்டித்தன்மையையும் குறிக்கிறது. நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது என்று 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நெருக்கமான இடைவெளிகளோடு வடிவமைக்கப்பட்ட இன்றைய இன்ஜின்களுக்கு அது பொருந்தாது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதிகளின்படி வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருப்பதால், சாம்பல் குறைவாக விடும் ஆயில் தேவை. இதில் விலையைப் பார்த்து மாற்றாதீர்கள்.

குச்சியில் அளவைப் பார்க்கும் அந்த நேரத்தில் ஆயிலின் தன்மையையும் பாருங்கள். டீசல் காரில் ஆயில் மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடுவது இயல்பு. அதற்காக அஞ்ச வேண்டாம். பால் கலந்த காபி நிறத்தில் குழம்பியிருந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் கலந்திருக்கலாம். ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்காமல் வண்டியை எடுக்கக் கூடாது. குறுகிய தூரம் மட்டுமே ஓடும் கார்களில் ஆயில் மூடியின் உட்புறம் மட்டும் அப்படி லேசாகப் படிவது, உள்ளே ஈரம் குளிர்வதாலும் வரலாம். பி.எஸ்.6 டீசல் காரில் ஊற்றாமலே அளவு ஏறியிருந்து டீசல் வாசனையும் அடித்தால், நகரத்துக்குள்ளேயே ஓடும்போது புகைக்கரி ஃபில்டரைச் சுத்தம் செய்யும் எரிப்பு அடிக்கடி பாதியில் நின்று, டீசல் ஆயிலில் இறங்கியிருக்கும். அளவு மேலே இருக்கிறதே என்று நிம்மதி அடையாமல் சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

டாஷ்போர்டில் எண்ணெய்க் கெண்டி வடிவில் எரியும் சிவப்பு விளக்கை ஆயில் அளவின் அறிவிப்பாக எண்ணிப் பலர் வீடு வரை ஓட்டிவிடுகிறார்கள். அது ஆயிலின் அழுத்தம் விழுந்துவிட்டதைச் சொல்லும் விளக்கு. எரிந்த இடத்திலேயே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தாவிட்டால் இன்ஜின் இறுகி ஓடாமல் நின்றுவிடலாம் (சீஸ் ஆவது என்பது இதுதான்). பி.எம்.டபிள்யூ, ஆடி போன்றவற்றின் சில மாடல்களில் டிப் ஸ்டிக்கே கிடையாது. அவற்றில் திரையில்தான் அளவு பார்க்க வேண்டும். சிலவற்றில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும் என்பதால், இங்கே சொன்ன காத்திருப்பு அவற்றுக்குப் பொருந்தாது.

மாதம் ஒரு முறையும், நெடும்பயணத்துக்கு முந்தைய நாளும் பார்ப்பது போதும். பழைய இன்ஜின் என்றால் 1,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை. தேதி, ஓடிய கிலோமீட்டர், அளவு, ஊற்றிய மில்லி ஆகிய நான்கையும் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஆயில் சிறிது குறைவது எல்லா இன்ஜினிலும் உண்டு. ஒவ்வொரு முறையும் முன்னைவிட வேகமாகக் குறைந்தால், வண்டி நின்ற இடத்தில் சொட்டு இருக்கிறதா, சைலன்சரில் நீலப்புகை வருகிறதா என்று பார்த்து மெக்கானிக்கிடம் அந்தக் குறிப்பையே காட்டலாம்.

பானட்டை மூடும் முன் குச்சி முழுவதும் இறங்கியிருக்கிறதா, ஆயில் மூடி திருகப்பட்டிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். துடைத்த துணியை எண்ணி வெளியே எடுங்கள். ஆயில் ஊறிய துணி சூடான எக்ஸாஸ்ட் குழாயின்மேல் விழுந்தால் தீப்பிடிக்கக்கூடும்.