செட்டிநாட்டுப் பழைய சாமான்களை வைத்து வீட்டை அழகாக்குவது எப்படி? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு முதல்முறை வருகிறவர்கள் பெரும்பாலும் திக்குமுக்காடிப் போவார்கள். கடைக்குக் கடை வாசல்வரை பித்தளை அண்டா, எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, தேக்குப் பெட்டி, சுவர்க் கடிகாரம், பழைய சாமி படம் என்று குவிந்து கிடக்கும். எதை எடுப்பது, எதை விடுவது, எடுத்தால் வீட்டில் எங்கே வைப்பது என்று புரியாமல் வெறுங்கையோடு திரும்புகிறவர்களும் உண்டு, கண்டதையும் அள்ளிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முற்றம் வைத்த வீடு வேண்டும் என்றில்லை. இரண்டு அறை வாடகை வீட்டிலும் இதைச் செய்யலாம்.

இவ்வளவு சாமான் இந்த ஊர்ப் பக்கம் எப்படிச் சேர்ந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் வாங்குவது எளிதாகும். செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் வீட்டுக் கல்யாணங்களில் சீர் சாமான் டஜன் கணக்கில் வரும். பர்மா, மலாயா, இலங்கை என்று தொழில் செய்தவர்கள் ரங்கூனிலிருந்து தேக்கையும், ஐரோப்பாவிலிருந்து எனாமலையும் கண்ணாடியையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தபோது அங்கிருந்த தொழிலும் சொத்தும் பலருக்குக் கைவிட்டுப் போனது. அப்புறம் பாகப்பிரிவினை, வெளியூர் வேலை, பராமரிக்க ஆளில்லாத வீடு. அறை அறையாக அடுக்கியிருந்த சாமான்கள் ஒவ்வொன்றாகக் கடைக்கு வந்தன. அதாவது, இவற்றில் பெரும்பாலானவை காட்சிக்குச் செய்தவை இல்லை. ஆயிரம் பேருக்குச் சமைக்கவும், ஊறுகாய் போடவும், நெல் அளக்கவும் செய்தவை.

அதனால் நான் ஒரே ஒரு விதிதான் வைத்திருக்கிறேன். வீட்டுக்குள் வரும் பழைய சாமான் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை கொடுக்க வேண்டும். வேலை கொடுக்க முடியாததை வாங்கக் கூடாது.

1. கடைக்குப் போகும் முன் இரண்டு மூன்று வீடுகளைப் பாருங்கள்

கானாடுகாத்தான், ஆத்தங்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் ஒரு நாள் சுற்றுங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடும் வீடுகள் இருக்கின்றன. தங்கும் விடுதியாக மாறிய வீடுகளும் இருக்கின்றன. செட்டிநாட்டு ஊர்கள் சில 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தவை.

தூணையும் கூரையையும் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் தரையைப் பாருங்கள். வளவு, அதாவது முற்றத்தைச் சுற்றிய நடுக்கட்டு, எவ்வளவு வெறுமையாக இருக்கிறது என்று கவனியுங்கள். நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றி வழுவழுப்பான தரை, ஓரத்தில் ஒரு பெஞ்சு, சுவரில் முன்னோர் படங்கள். அவ்வளவுதான். சாமான்கள் எல்லாம் உள்ளறைகளில் இருக்கும். விசேஷத்துக்கு வெளியே வரும், முடிந்ததும் உள்ளே போகும். செட்டிநாட்டு அலங்காரம் என்றால் சாமான்களைக் குவிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வீடுகளின் அழகு பாதி அந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது.

2. இடத்தைத் தேர்ந்தெடுத்து அளவு எடுங்கள்

வீடு முழுவதையும் ஒரே மூச்சில் மாற்ற வேண்டாம். ஓர் இடம் போதும்: வாசல் நடை, சாப்பாட்டு மேசைப் பக்கம், சமையலறை அலமாரி, பால்கனி. அந்த இடத்தின் நீளம், அகலம், உயரத்தை டேப் வைத்து அளந்து போனில் குறித்துக்கொள்ளுங்கள். மாடி வீடாக இருந்தால் படிக்கட்டு அகலத்தையும் லிப்ட் கதவையும் சேர்த்து அளக்க வேண்டும். தேக்குப் பெட்டகம் கடையில் சின்னதாகத்தான் தெரியும்.

ஆட்டுக்கல், உரல் போன்றவற்றைத் தரைத்தளத்தில் வைப்பதே நல்லது. ஊஞ்சல் ஆசை இருந்தால் கொக்கியைக் கான்கிரீட் தளத்திலோ உத்தரத்திலோதான் மாட்ட வேண்டும். அலங்காரக் கூரைப் பலகையில் மாட்டவே கூடாது. கட்டட வேலை தெரிந்தவர் பார்த்துச் சொன்ன பிறகு மாட்டுங்கள்.

3. முதலில் எதை வாங்கலாம்

சின்னதாகத் தொடங்குங்கள். என் பரிந்துரை இவை.

பீங்கான் ஜாடி: மேலே பழுப்பு, கீழே வெள்ளை நிறத்தில் ஊறுகாய் போடுகிற ஜாடி. விரிசல் இல்லாததாகப் பார்த்து எடுத்தால் கல் உப்பு போட்டு வைக்கலாம், மரக் கரண்டிகளை நிறுத்தி வைக்கலாம்.

உழக்கு, படி: தானியம் அளக்கிற பழைய அளவைகள். நாலு உழக்கு ஒரு படி. பித்தளையிலும் இரும்பிலும் கிடைக்கும். உழக்கை அரிசிப் பானைக்குள் போட்டு அளப்பதற்கே பயன்படுத்துங்கள். படியில் பேனா, கத்தரிக்கோல் வைக்கலாம்.

எனாமல் அடுக்குத் தூக்கு, தட்டு: நீலம், பச்சை, வெண்மை என்று சுவரோரம் ஒரு வரிசை வைத்தாலே அறைக்கு உயிர் வந்துவிடும். எனாமல் பெயர்ந்த பாத்திரத்தில் சமைக்கவோ சாப்பிடவோ வேண்டாம். அதில் செடி வைக்கலாம்.

மரவை: மரத்தில் கடைந்த மூடி போட்ட கிண்ணம். சாவி, சில்லறை, தலைமாட்டு மருந்து, எது வேண்டுமானாலும் போட்டு வைக்கலாம்.

கொட்டான்: பனை ஓலையில் பின்னுவது. பழையது எளிதில் கிடைக்காது, கிடைத்தாலும் ஓலை நைந்திருக்கும். ஆனால் இன்றைக்கும் இந்தப் பக்கத்துப் பெண்கள் பின்னுகிறார்கள். புதிதாக வாங்குங்கள், வெங்காயம், பூண்டு, பழம் வைக்க இதைவிட நல்ல கூடை கிடையாது.

பெரிய சாமான் ஒன்று வேண்டும் என்றால் மூடி வைத்த தேக்குப் பெட்டி. ஜமுக்காளம், போர்வை உள்ளே போகும். மேலே ஆள் உட்காரலாம்.

4. கடையில் சோதித்துப் பார்ப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும். கடைக்காரரிடம் "அண்ணே, கொஞ்சம் திருப்பிப் பார்க்கட்டுமா?" என்று கேளுங்கள். உண்மையான சாமான் வைத்திருப்பவர் மறுக்க மாட்டார். எதையும் அடிப்பக்கத்திலிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும்.

பித்தளையில் தேய்மானத்தைப் பாருங்கள். பழைய குடத்தில் தரையில் பட்ட அடிவிளிம்பும், கை பிடித்த கழுத்தும், இடுப்பில் உராய்ந்த பக்கமும் அதிகமாகத் தேய்ந்திருக்கும், மற்ற இடம் அப்படி இருக்காது. அமிலம் ஊற்றிக் கறுக்க வைத்த புதுப் பாத்திரத்தில் எல்லா இடமும் ஒரே மாதிரி கறுத்திருக்கும், உள்மூலையில்கூட. அடுத்ததாக விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். செட்டிநாட்டுப் பாத்திரம் என்றால் பெரும்பாலும் அங்கே விலாசம் வெட்டியிருக்கும். முப்பாட்டன், பாட்டன், அப்பா என்று முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள், புள்ளி புள்ளியாக உளியால் தட்டியவை. விரலால் தடவினால் பழைய எழுத்து மழுங்கி வழுக்கும், புதிதாக வெட்டியது சுரசுரவென்று இருக்கும். நான் பாத்திரம் வாங்கினால் விலாசம் இருப்பதைத்தான் முதலில் எடுப்பேன். பங்காளிகளுக்குள் விசேஷம் என்றால் பாத்திரங்கள் வீடு விட்டு வீடு போகும். யாருடையது எது என்று பிரித்துக் கொடுக்க வேண்டுமே, அதற்காக வெட்டிய எழுத்து அது.

எனாமலில் அடியில் முத்திரை இருக்கும். சுவீடனின் கொக்கும்ஸ் நிறுவனத்துச் சாமான்கள் இந்தப் பக்கம் நிறையக் கிடைக்கின்றன. செக்கோஸ்லோவாக்கியா என்று முத்திரை இருந்தால் அது 1918க்கு முந்தியதாக இருக்க முடியாது. அந்த நாடு உருவானதே அந்த ஆண்டில்தான். எவராவது அதைக் காட்டி நூற்றைம்பது வருஷத்துப் பொருள் என்று சொன்னால் சிரித்துக்கொண்டே கீழே வைத்துவிடுங்கள்.

மரச் சாமானில் இழுப்பறையை முழுவதும் வெளியே எடுத்து, பின்பலகையையும் அடிப்பலகையையும் பாருங்கள். கையால் இழைத்த பலகையில் லேசான அலை தெரியும். சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தால் அது பூச்சி. பழைய ஓட்டையால் பயமில்லை. பெட்டியைத் தட்டும்போது மாவு மாதிரி தூள் உதிர்ந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கலாம் என்று அர்த்தம். தேக்கின் வைரத்தை, அதாவது கெட்டியான நடுமரத்தை, பூச்சி சாதாரணமாகத் தொடாது. வெளிறிய வெளிமரத்தைத்தான் தின்னும். பழைய தேக்கு என்று சொல்லிச் சாயம் ஏற்றிய வேறு மரத்தையும் விற்கிறார்கள். அடிப்பக்கத்தில் சாயம் படாத இடத்தைத் தேடிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரருக்கு அனுப்பலாம் என்று நினைத்து வாங்காதீர்கள். கோவில் சிலை, வாகனத்தின் பாகம், தேர்ச் சிற்பம் போலத் தெரியும் எதையும் தொட வேண்டாம். அது எங்கிருந்து வந்திருக்கும் என்பதை யோசித்தாலே போதும்.

தூண், நிலைக்கதவு விஷயத்திலும் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. வீடு இடிந்து விழுந்த பிறகு மிச்சமான கதவு வேறு, நன்றாக நிற்கும் வீட்டைக் காசுக்காகப் பிரித்தெடுத்த கதவு வேறு. கேட்டு வாங்குங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் விட்டுவிடுங்கள். நிலைக்கதவை நடுவில் அறுத்து டீப்பாய் ஆக்குவதை என்னால் தாங்கவே முடியாது.

5. சுத்தம் செய்வது

பித்தளை, செம்பு: முதலில் சீயக்காய் போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். பிறகு ஊறவைத்த புளியில் கொஞ்சம் கல் உப்பு சேர்த்துத் துணியால் தேயுங்கள். புளியில் உள்ள அமிலம் கறுப்பைக் கரைத்துவிடும். நன்றாகத் தண்ணீர் விட்டு அலசி உடனே துடைக்க வேண்டும். ஈரமாக வைத்தால் திட்டுத்திட்டாகக் கறை வரும், பச்சை பூக்கும். விலாச எழுத்துக்குள் புளி தங்காமல் பழைய டூத் பிரஷ் வைத்து எடுத்துவிடுங்கள். இரும்பு நார், செங்கல் தூள் வேண்டாம், எழுத்து தேய்ந்துவிடும். அம்மோனியா கலந்த திரவங்களும் வேண்டாம், பித்தளையில் வெடிப்பு விடக்கூடும். பளபளவென்று புதுசு மாதிரி ஆக்கவும் வேண்டாம். மேடான இடம் மின்ன, பள்ளத்தில் கறுப்பு நிற்க விட்டால்தான் வேலைப்பாடு கண்ணுக்குத் தெரியும்.

பித்தளைப் பாத்திரத்தில் சமைக்க ஆசைப்பட்டால் உள்ளே ஈயம் பூசியாக வேண்டும். பூசுகிறவரிடம் வெள்ளீயம்தானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். காரீயம் கலந்தால் விஷம்.

மரம்: காய்ந்த பிரஷ்ஷால் தூசி தட்டி, ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து துடையுங்கள். நிழலில் காயட்டும், சுள்ளென்ற வெயிலில் பலகை பிளக்கும். பூச்சி சந்தேகம் இருந்தால் மருந்து அடித்து முடியும்வரை மற்ற மரச் சாமான்கள் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பிறகு ஆளிவிதை எண்ணெயைக் கொஞ்சம் டர்பன்டைனில் கலந்து மெல்லிசாகத் தடவி, அரை மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். ஒரு முக்கியமான எச்சரிக்கை: அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றும். தண்ணீரில் நனைத்து வெளியில் விரித்துக் காயப்போட்ட பிறகு எறியுங்கள்.

பழைய பெயின்ட் அடித்த கதவையும் பெட்டியையும் உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்க வேண்டாம். அந்தக் காலத்துப் பெயின்டில் காரீயம் இருக்கலாம். தூள் குழந்தைகளுக்கு ஆகவே ஆகாது.

6. வைப்பது

பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பித்தளையும் தேக்கும் வெள்ளைக்கு முன்னால்தான் எடுப்பாகத் தெரியும். ஒரு மேசையில் மூன்று சாமானுக்கு மேல் வேண்டாம். மூன்றும் வேறு வேறு உயரத்தில் இருக்கட்டும், ஆனால் பொருள் ஒன்றாக இருக்கட்டும்: மூன்றும் பித்தளை, அல்லது மூன்றும் எனாமல்.

உருளியில் தண்ணீர் விட்டுப் பூப் போடுகிறவர்கள் தினமும் தண்ணீரை மாற்றுங்கள், கொசு முட்டையிடும். சாமி படத்தையும் பழைய அச்சுப் படத்தையும் நேர் வெயில் படும் சுவரிலோ, குளியலறையை ஒட்டிய ஈரச் சுவரிலோ மாட்டாதீர்கள்.

தரைக்கு ஆத்தங்குடிக் கல் போட நினைத்தால் வாசல் நடைக்கோ பூஜை இடத்துக்கோ மட்டும் போட்டுப் பாருங்கள். கண்ணாடிப் பலகைமேல் அச்சு வைத்து, வண்ண சிமென்ட்டைக் கரண்டியால் ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் நிரப்பி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது அது. சூளையில் சுடுவதில்லை. ஒவ்வொன்றும் கையால் செய்வதால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், உடைவதற்கென்று கொஞ்சம் கூடுதலாகவும் வாங்க வேண்டும். அமிலம் கலந்த தரைக் கழுவி பட்டால் மேல்பூச்சு அரித்துப் போகும். வெறும் தண்ணீரில் துடைத்து, அவ்வப்போது சில துளித் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்தால் போதும். நடக்க நடக்கப் பளபளப்பு கூடும். எண்ணெய் விட்ட அன்று வழுக்கும், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் துளியைக் குறையுங்கள்.

7. குறித்து வைப்பது

ஒவ்வொரு சாமானையும் அடிப்பக்கத்தோடு சேர்த்துப் படம் எடுங்கள். எந்த ஊரிலிருந்து வந்தது என்று கடைக்காரர் சொன்னது, வாங்கிய தேதி, விலாச எழுத்து எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள், ரசீதையும் அதிலேயே ஒட்டிவையுங்கள். நகரத்தார் நண்பர்கள் வீட்டுக்கு வந்தால் விலாசத்தைக் காட்டிக் கேளுங்கள். "இது எங்க ஊர்ப் புள்ளிதான்" என்று சொல்லக்கூடிய ஆச்சிமார் இன்னும் இருக்கிறார்கள் (புள்ளி என்றால் நகரத்தார் பேச்சில் ஒரு குடும்பம்). அவர்கள் சொல்வதையும் அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள்.