உருவப்படத்தைப் பாதி மறைத்துப் பாருங்கள்

சனிக்கிழமை ஓவிய வகுப்பில் ஒருமுறை மெக்சிகோ ஓவியர் ஃப்ரிடா காலோவின் சுய உருவப்படத்தைக் காட்டி, ‘முள் – வேதனை, கருப்புப் பூனை – கெட்ட சகுனம்’ என்று பலகையில் வரிசையாக எழுதிப் போட்டேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண், “அப்புறம் ஏன் சார் அவங்க அழல?” என்றாள். பலகையை அழித்தேன். அதற்குப் பிறகு இப்படித்தான் சொல்லித் தருகிறேன்.

முள்மாலையும் ஓசனிச்சிட்டும் (ஹம்மிங்பேர்ட் என்கிற குட்டிப் பறவை) உள்ள படம் அது. 1940இல் வரைந்தது, ஏறத்தாழ 2 அடி உயரம். இணையத்தில் எடுத்துப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். விளக்கம் எதையும் இப்போதே படிக்க வேண்டாம்.

கழுத்துக்குக் கீழே கையால் மறையுங்கள். சேர்ந்த புருவம், மூடிய வாய், அசையாத பார்வை. பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்தவர் போலிருக்கிறார். சரி, இப்போது முகத்தை மறையுங்கள். முள் குத்திய இடங்களில் ரத்தம் துளிர்க்கிறது. செத்த பறவை தொங்குகிறது. குரங்கு அந்த முள்கொடியை நோண்டிக்கொண்டிருக்கிறது. கையை எடுத்துவிட்டு மொத்தமாகப் பாருங்கள்: வலிக்கிறது, ஆனால் உன்னிடம் காட்டமாட்டேன் என்கிற வீம்பு தெரியும். என் கணக்கில் படத்தின் மனநிலை அதுதான்.

குறியீட்டுக்கு அப்புறம் வரலாம். வரைந்தவரின் ஊர் வழக்கத்தை முதலில் விசாரியுங்கள். மெக்சிகோவில் செத்த ஓசனிச்சிட்டைக் காதல் வசியத்துக்கு வைத்துக்கொள்ளும் நம்பிக்கை உண்டு. (நம்மூர்த் தேன்சிட்டு வேறு, இது அமெரிக்கக் கண்டங்களின் பறவை.) 1939இல்தான் தியேகோ ரிவேராவுடன் ஃப்ரிடாவுக்கு மணமுறிவு. நிறம் மின்னும் பறவையைக் கரிக்கட்டை போல வரைந்திருக்கிறார். வசியம் பலிக்கவில்லை என்று நான் புரிந்துகொள்கிறேன். முள்மாலை இயேசுவின் முள்முடியை நினைவுபடுத்தும். கத்தோலிக்க ஊரில் வளர்ந்தவர், பொருந்துகிறது. பூனைக்கு மட்டும் நம்மூர்ச் சகுனத்தை ஒட்டிவிடாதீர்கள். அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள்: தோளுக்குப் பின்னால் பம்மிக்கொண்டு, பறவைக்கு எட்டும் தூரத்தில். கூந்தலில் உள்ள பட்டாம்பூச்சிகளுக்கு மறுபிறப்பு என்று பொருள் சொல்வார்கள். எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை.

சந்தேகமான பொருளை விரலால் மறைத்துச் சோதிக்கலாம். தலைக்குப் பின்னால், பச்சை இலைகளுக்கு நடுவே ஒரு மஞ்சள் இலை இருக்கிறதே, அதற்கு எந்தப் பட்டியலிலும் பொருள் தேடாதீர்கள். மறைத்தால் முகமே இலைக்கூட்டத்துக்குள் பின்வாங்கிவிடுகிறது.