கலவைப் பூச்சிமருந்திலிருந்து குளத்து மீன்களைக் காப்பது எப்படி?

நெல் அறுவடைக்குப் பின் பருத்தி போடும் காவிரி டெல்டா ஊர்களில், வடிகாலை ஒட்டிக் கட்லாவும் ரோகும் வளர்ப்போர், எந்த மருந்து அடித்தார்கள் என்று மட்டும் விசாரித்தால் போதாது. எதனோடு எதைச் சேர்த்து அடித்தார்கள் என்று கேட்க வேண்டும். புரொபனோபாஸ் 40 சதவீதமும் சைபர்மெத்ரின் 4 சதவீதமும் கலந்த மருந்து ஒரே புட்டியில் விற்கிறது. போதாக்குறைக்குத் தெளிப்பான் டேங்கிலேயே இரண்டு மூன்றைக் கலப்போரும் உண்டு. சைபர்மெத்ரினைச் சிதைத்து வெளியேற்றும் திறன் மீனுக்கு இயல்பிலேயே குறைவு. அதைச் சிதைக்க மீனின் உடலில் இருக்கிற கொஞ்ச நொதியையும் (என்சைம்) புரொபனோபாஸ் முடக்கிவிடுவதால், தனியாக வந்தால் மீன் தாங்கியிருக்கக்கூடிய அளவே உயிரைப் பறிக்கிறது. அமெரிக்காவில் கோஹோ சால்மன் குஞ்சுகளை வைத்துச் செய்து 2009இல் வெளியான ஆய்விலும், டயசினான், மாலத்தியான் என்ற இரு பூச்சிமருந்துகள் சேர்ந்தபோது, இரண்டின் பாதிப்பையும் கூட்டினால் வருவதைவிடப் பெரிய பாதிப்பு ஏற்பட்டது.

மருந்தடித்த பின் பெய்யும் முதல் மழைதான் மிகவும் ஆபத்தானது. அன்று மதகை அடைத்துவிடுங்கள். பிறகு நீர் எடுத்தே ஆக வேண்டுமென்றால், ஒரு டிரம்மில் வாய்க்கால் நீரும், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்றில் முதல் நாளே இறைத்துக் காற்றுப்பட வைத்த ஆழ்குழாய்க் கிணற்று நீரும் நிரப்பி, ஒவ்வொன்றிலும் விரலளவுக் குஞ்சுகள் பத்தை விட்டு, இரண்டுக்கும் காற்று செலுத்தி, 24 மணி நேரம் இரை போடாமல் கவனியுங்கள். குஞ்சு சாகவில்லை என்பதாலேயே நீர் நல்லது என்று முடிவு செய்யக்கூடாது; வாய்க்கால் நீரில் விட்டவை வட்டமடித்தாலோ, தட்டினால் விலகாமல் மந்தமாகக் கிடந்தாலோ அந்த நீர் வேண்டாம்.

மீன் செத்து மிதந்தால் பலரும் உடனே ஆக்ஸிஜன் குறைவு என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தக் குறைவில் பெரும்பாலும் விடியற்காலையில் பெரிய மீன்கள் முதலில் சாகும். நஞ்சு நேரம் பார்ப்பதில்லை; சிறியவை முதலில் விழும், நீர்ப்பூச்சிகளும் கூடவே மடியும். செத்த ரோகு ஒன்றைக் கையிலெடுத்துப் பாருங்கள்: செவுளுக்குப் பின்னுள்ள துடுப்புகள் இரண்டும் தலைப்பக்கமாக விறைத்து நீட்டியிருந்தாலோ, முதுகெலும்பு வளைந்திருந்தாலோ, புரொபனோபாஸ் வகை மருந்தை வலுவாகச் சந்தேகிக்கலாம்.

சந்தேகம் வந்த அந்த மணி நேரத்திலேயே மாதிரி எடுங்கள். நீர் ஓடிப் போய்விட்டால் சான்றும் போய்விடும். வாய்க்கால், மதகு வாய், குளத்தின் நடு ஆகிய மூன்று இடங்களிலும் சுத்தமான கண்ணாடிப் புட்டியில் ஒரு லிட்டர் எடுக்க வேண்டும். சைபர்மெத்ரின் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் பிளாஸ்டிக் புட்டி உதவாது. அழுகிய மீனை விட்டு, உயிர் ஊசலாடும் மீனை அலுமினியத் தாளில் சுற்றி, இடம், தேதி, நேரம் எழுதி ஐஸில் வைத்து, நீரோடு சேர்த்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

குளத்தில் மிஞ்சிய மீனுக்கு இரையை நிறுத்திவிட்டு, நல்ல நீரைப் பாய்ச்சிக் காற்று செலுத்துங்கள். கைக்கு வந்தபடி சுண்ணாம்பு கொட்ட வேண்டாம். காரத்தன்மை ஏறினால் அம்மோனியாவின் நச்சும் ஏறும். சேற்றில் மருந்து படிந்திருக்கும் என்பதால் வலையிழுத்துக் கலக்காதீர்கள். செத்த மீனைச் சந்தைக்கோ வாத்துக்கோ கொடுக்காமல், குளத்தை விட்டுத் தள்ளி ஆழக் குழி வெட்டிப் புதையுங்கள்.