மேஜிக் ஆட்டத்தில் எந்தக் கார்டு முதலில் பலிக்கும்?

ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து 1993-இல் வெளிவந்த 'மேஜிக்: த கேதரிங்' கார்டு ஆட்டத்தைப் புதிதாகக் கற்பவர்கள், முதலில் இறக்கிய கார்டுதான் முதலில் பலிக்கும் என்று நம்பியே ஆடத் தொடங்குகிறார்கள். 1999 முதல் நடைமுறையில் உள்ள 'ஸ்டேக்' விதி இதற்கு நேர்மாறானது.

மந்திரக் கார்டு ஒன்றை நீங்கள் இறக்கினால் அது உடனே பலிப்பதில்லை. ஸ்டேக் எனப்படும் அடுக்கில் காத்திருக்கும். அதற்குப் பதிலடியாக எதிராளி, எவர் முறையிலும் இறக்கக்கூடிய 'இன்ஸ்டன்ட்' வகைக் கார்டு ஒன்றை இறக்கினால், அது உங்களுடையதன் மேல் அமரும். இருவரும் எதையும் இறக்காமல் அடுத்தடுத்து 'பாஸ்' சொன்ன பிறகே உச்சியில் இருப்பது மட்டும் பலிக்கும். அது முடிந்ததும், யாருடைய முறை நடக்கிறதோ அவருக்குக் கார்டு இறக்கவோ பாஸ் சொல்லவோ மீண்டும் வாய்ப்பு வரும். அடுக்கில் மிச்சமிருப்பவை ஒரே மூச்சில் பலித்துவிடுவதில்லை என்பதைப் பழகியவர்கள்கூட மறந்துவிடுகிறார்கள்.

உங்களிடம் 2/2 வலிமையுள்ள (தாக்கும் அளவு 2, தாங்கும் அளவு 2) 'கிரிஸ்லி பேர்ஸ்' என்ற கரடி உயிரினம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதிராளி அதன்மீது 3 புள்ளி சேதம் தரும் 'லைட்னிங் போல்ட்' இறக்க, நீங்கள் பதிலுக்கு +3/+3 கூட்டும் 'ஜெயன்ட் குரோத்' இறக்குகிறீர்கள். உங்களுடையது மேலே இருப்பதால் கரடி முதலில் 5/5 ஆகி, போல்ட்டைத் தாங்கிப் பிழைக்கும். நீங்கள் அவசரப்பட்டு ஜெயன்ட் குரோத்தை முதலில் இறக்கி, எதிராளி பதிலுக்குப் போல்ட் வீசினாலோ, கரடி 2/2 ஆக இருக்கும்போதே இறந்துவிடும்; இலக்கு இல்லாமற்போன உங்கள் கார்டும் வீணாகும். கார்டுகள் அவையே, வரிசை மட்டுமே வேறு.

ஒரே நிகழ்வு இருவரின் கார்டுகளில் எழுதியுள்ள திறன்களையும் ஒருசேரத் தூண்டும்போது, முறைக்கு உரியவரின் திறன்கள் முதலில் அடுக்கில் ஏறும், எதிராளியுடையவை அவற்றின் மேல் அமரும். எனவே எதிராளியுடையவை முன்னதாகப் பலிக்கும். தன்னுடைய திறன்கள் பலவாக இருந்தால், அவற்றுக்குள் வரிசையை அவரவரே தீர்மானிக்கலாம். ஓர் உயிரினம் இறந்தால் உங்கள் திறன் உங்களுக்கு 1 உயிர்ப்புள்ளி தரும், எதிராளியின் திறன் உங்களிடமிருந்து 1 புள்ளி பறிக்கும், உங்களிடம் மிஞ்சியிருப்பதோ 1 புள்ளிதான் என்று கொள்வோம். உங்கள் முறையில் அந்த இறப்பு நேர்ந்தால், பறிப்பது முன்னதாகப் பலித்து நீங்கள் தோற்பீர்கள். எதிராளியின் முறையில் நேர்ந்தால், முதலில் 2 ஆகிப் பிறகு 1-க்கு இறங்கித் தப்புவீர்கள். உயிர்ப்புள்ளி 0 ஆனவர் தோற்பதும், தாங்கும் அளவுக்குச் சேதம் அடைந்த உயிரினம் இறப்பதும் அடுக்கில் ஏறுவதில்லை. அடுத்து எவருக்கும் வாய்ப்பு வருமுன் அவை நடந்துவிடும் என்பதால், இரண்டாவது திறனுக்காகக் காத்திருக்க முடியாது.

நிலக் கார்டை வைப்பதும் அதைப் பக்கவாட்டில் திருப்பி, கார்டுகளை இறக்கச் செலவிடும் ஆற்றலான மானாவை எடுப்பதும் அடுக்கைத் தொடுவதில்லை. அவற்றுக்குப் பதில் கொடுக்க இயலாது.

குழப்பம் வந்தால், கார்டுகளை மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மேலிருந்து எடுத்துக்கொண்டே வருவது நல்ல வழி. உயிரினத்தின் திறனோ கார்டாக இல்லாததால், அதற்கு ஒரு காசு வைக்கலாம். அந்த உயிரினத்தைப் பதிலுக்குக் கொன்றாலும், அடுக்கில் ஏறிவிட்ட திறன் பொதுவாக அங்கேயே இருந்து பலிக்கும் என்பதையும் அந்தக் காசு கண்முன் காட்டிக்கொண்டிருக்கும்.