எலிப்பொறி வைப்பது எப்படி: பொறி காத்திருக்கிறது, எலி வரவில்லை என்பவர்களுக்கு

ஒரு பொறி வாங்கி, ஒரு துண்டு தேங்காயைச் செருகி, எலி ஓடியதாகத் தோன்றிய இடத்தின் நடுவில் வைக்கிறோம். மூன்று இரவு போனதும் “இந்த எலிக்கு மூளை அதிகம்” என்று முடிவு கட்டிவிட்டு விஷப் பொட்டலம் தேடிப் போகிறோம். பெரும்பாலானவர்கள் இப்படித்தான் பொறியைக் கைவிடுகிறார்கள். பொறியில் ஒரு குறையும் இருக்காது. வைத்த இடமும், வைத்த அன்றே அதை விசையேற்றிய அவசரமும்தான் காரணம். இந்தப் பதிவு முழுக்க அந்த இரண்டையும் பற்றித்தான்.

எந்தப் பொறி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மரப்பலகையில் ஸ்பிரிங் வைத்து, கம்பி வந்து அடிக்குமே, அந்தப் பழைய வகை. 1894இல் அமெரிக்காவில் வில்லியம் ஹூக்கர் என்பவர் இந்த மாதிரிப் பொறிக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகு எத்தனையோ வந்துவிட்டன, ஆனால் இதை மிஞ்சிய ஒன்றை நான் பார்க்கவில்லை. பிளாஸ்டிக்கில் வருவது கைக்குப் பாதுகாப்பு, கழுவவும் சுலபம். அதுவும் சரிதான். பசை அட்டை மட்டும் வேண்டாம். எலி அதில் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் துடிக்கும், பல்லியும் குருவியும்கூட மாட்டும். இங்கிலாந்தில் 2024 ஜூலை முதல் உரிமம் இல்லாதவர்கள் எலிக்குப் பசை அட்டை வைப்பது குற்றம். நம் காதுக்குக் கேட்காத ஒலியால் எலியை விரட்டும் என்று விற்கிற, சுவரில் செருகும் அல்ட்ராசோனிக் கருவிக்கும் காசைக் கொட்டாதீர்கள். அதை விற்ற அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, சொல்வதற்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று 2001இலேயே அமெரிக்க வணிக ஆணையம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

சரி, வேலைக்கு வருவோம்.

1. வந்திருப்பது யார்?

எச்சத்தைப் பாருங்கள். அரிசியைவிடச் சிறியதாக, மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் நீளத்தில், முனை கூராக இருந்தால் சுண்டெலி. ஒரு சென்டிமீட்டரைத் தாண்டி, இரண்டு முனையும் கூராக இருந்தால் கூரையில் ஏறும் கறுப்பு எலி. இரண்டு சென்டிமீட்டரை நெருங்கி, முனை மழுங்கியிருந்தால் தரையில் வளை தோண்டும் பழுப்பு எலி. ஆளையே பார்த்துவிட்டால் வாலைக் கவனியுங்கள். கறுப்பு எலிக்கு வால் உடம்பைவிட நீளம், பழுப்பு எலிக்குக் குட்டை.

இது தெரியாமல் பொறி வாங்காதீர்கள். சுண்டெலிக்கான சின்னப் பொறி பெரிய எலியைக் கொல்லாது, காயப்படுத்தி அனுப்பிவிடும். அந்த எலி மறுபடி பொறி பக்கம் வருமா?

மூஞ்சூறையும் மறந்துவிட வேண்டாம். அது எலி இனமே இல்லை. பூச்சி தின்று பிழைக்கிறது, கரப்பான் இருக்கும் வீட்டில் அது நமக்கு வேலைதான் செய்கிறது. சந்தேகம் இருந்தால் சுவரோரம் கோலமாவோ டால்கம் பவுடரோ மெல்லிசாகத் தூவிவிட்டுக் காலையில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். எலிக்கும் சுண்டெலிக்கும் முன்காலில் நான்கு விரல், பின்காலில் ஐந்து. மூஞ்சூறுக்கு நான்கு காலிலும் ஐந்தைந்து. தடங்களுக்கு நடுவே ஒரு கோடு ஓடினால் அது வால் இழுபட்ட கோடு. இந்தப் பவுடர் வேலை எலி எந்த வழியாகப் போகிறது என்பதையும் காட்டிக்கொடுக்கும், அதனால் சந்தேகம் இல்லாவிட்டாலும் ஒரு ராத்திரி செய்துவிடுங்கள்.

2. இடம்

எலி வெட்டவெளியைக் கடக்க விரும்பாது. மீசை சுவரில் உரசியபடி ஓரமாகவே ஓடும். ஒரே வழியில் திரும்பத் திரும்பப் போவதால் உடம்பு எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து சுவரின் அடியில் கருத்த தீற்றலாகப் படிந்திருக்கும். விட்டத்திலும் குழாய் நுழையும் ஓட்டையைச் சுற்றியும் இதே தீற்றல் தெரியும். விரலால் தேய்த்தால் பிசுக்கென்று வந்தால் தடம் புதியது. காய்ந்து உதிர்ந்தால் பழையது, அங்கே பொறி வைத்து பயனில்லை.

பொறியைச் சுவருக்குச் செங்குத்தாக வையுங்கள், இரை வைக்கும் தட்டு சுவரைத் தொடுகிற மாதிரி. சுவருக்கு இணையாக ஒற்றைப் பொறியை வைத்தால், ஸ்பிரிங் இருக்கும் பக்கத்திலிருந்து வரும் எலியைக் கம்பி தூக்கி எறிந்துவிடும், பிடிக்காது. செங்குத்தாக வைக்க இடமே இல்லை என்றால் இரண்டு பொறிகளை இணையாக, முதுகோடு முதுகு ஒட்டி வைக்கலாம். அப்போது எந்தப் பக்கம் வந்தாலும் ஒரு தட்டு எதிரில் இருக்கும்.

எண்ணிக்கையில் கஞ்சத்தனம் வேண்டாம். சுண்டெலி கூட்டிலிருந்து சில மீட்டர் தூரத்துக்குள்ளேயே இரை தேடும். அதனால் இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்று வேண்டும். பெரிய எலிக்கு ஐந்து மீட்டருக்கு ஒன்று போதும், ஆனால் ஒவ்வோர் இடத்திலும் இரண்டிரண்டாக வையுங்கள். ஒன்றைத் தாண்டிக் குதிக்கும் எலி இரண்டாவதில் கால் வைக்கும்.

3. விசையேற்றாமல் விடுங்கள்

எல்லோரும் தாண்டிப் போகும் படி இதுதான்.

பெரிய எலிக்குப் புதுப் பொருள் என்றாலே பயம். நேற்று இல்லாத ஒன்று இன்று தன் வழியில் கிடந்தால் அது காலி டப்பாவாக இருந்தாலும் நாள்கணக்கில் சுற்றிக்கொண்டு போகும். புது உணவையும் ஒரு நக்கு நக்கிப் பார்த்துவிட்டுக் காத்திருக்கும். அதற்குக் காரணமும் இருக்கிறது: எலியால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான். அப்படிப்பட்ட பிராணி, நாம் வைத்த முதல் ராத்திரியே வந்து கழுத்தை நீட்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

எனவே பொறிகளை வைக்க வேண்டிய இடத்தில் வைத்து, இரையும் வைத்து, கம்பியை இழுத்துப் பூட்டாமல் அப்படியே விட்டுவிடுங்கள். தட்டைச் சுற்றியும் கொஞ்சம் இரையைத் தூவுங்கள். முதல் காலை போய்ப் பார்த்தால் எதுவும் தொட்டிருக்காது. அடுத்து சுற்றிலும் தூவியது மட்டும் காணாமல் போயிருக்கும். பிறகு ஒரு நாள் தட்டில் இருந்ததும் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். அப்போதும் பூட்டாதீர்கள். எல்லாப் பொறியிலும், அல்லது பெரும்பாலான பொறிகளில், இரை தொடர்ந்து இரண்டு இரவு காலியாக வேண்டும். சாதாரணமாக இதற்கு நான்கு நாளிலிருந்து ஒரு வாரம் வரை ஆகும். எலிக்கு இலவசச் சாப்பாடு போடுகிறோமே என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். கேட்கட்டும்.

அப்புறம் ஒரே மாலையில், எல்லாப் பொறியையும் ஒருசேர விசையேற்றுங்கள். இன்று இரண்டு, நாளை மூன்று என்று பிரித்துச் செய்யாதீர்கள். அடிபடாமல் தப்பிய எலி அந்தப் பொருளையும் அந்த உணவையும் சேர்த்தே ஒதுக்கப் பழகிவிடும். முதல் ராத்திரியில்தான் அதிகம் விழும், அந்த வாய்ப்பை உடைத்துச் செலவழிக்கக் கூடாது.

சுண்டெலிக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை. அதற்குப் புதுப் பொருள் என்றால் ஆவல். முதல் நாளே விசையேற்றலாம். இரண்டு மூன்று இரவு ஒன்றும் மாட்டாவிட்டால் இடத்தை மாற்றுங்கள்.

4. இரையும் விசையும்

என் ஓட்டு வேர்க்கடலை வெண்ணெய்க்கு. ஒட்டிக்கொள்ளும், வாசனை வீசும், கவ்விக்கொண்டு ஓட முடியாது. பட்டாணி அளவு போதும், சுண்டெலிக்கு அதில் பாதி. அதிகம் வைத்தால் எலி ஓரத்தில் நின்றே நக்கி முடித்துவிடும். தேங்காய், கருவாடு, வறுத்த கடலை என்று திடமான இரைதான் வேண்டும் என்றால் நூலால் தட்டோடு இறுக்கிக் கட்டுங்கள். எலி இழுக்க வேண்டும், இழுத்தால்தான் தட்டு அசையும். சுண்டெலி கூடு கட்ட அலைவதால் ஒரு சிட்டிகைப் பஞ்சைக் கட்டி வைத்தாலும் வரும்.

இரையை முதலில் வையுங்கள், விசையை அப்புறம் ஏற்றுங்கள். கம்பியைப் பின்னுக்கு மடக்கி, கட்டை விரலால் அழுத்திப் பிடித்தபடி பூட்டுக் கம்பியை அதன்மேல் கொண்டுவந்து தட்டின் கொக்கியில் மாட்ட வேண்டும். கொக்கிக்குள் நுனி எவ்வளவு போகிறது என்பதை உற்றுக் கவனியுங்கள். ஆழமாகச் செருகியிருந்தால் எலி தட்டை நக்கித் துடைத்தாலும் பொறி அசையாது. நுனி மட்டும் கொக்கியின் விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்க வேண்டும். நின்றதும் விரலைச் சட்டென்று எடுக்காமல் மெதுவாகத் தளர்த்துங்கள். பொறியைத் தூக்கும்போது ஸ்பிரிங்குக்குப் பின்னால், பலகையின் பின்முனையில் பிடியுங்கள். ஒரு பென்சிலின் பின்பக்கத்தால் தட்டை லேசாகத் தொட்டுப் பார்த்து, பட்டென்று விழுந்தால் சரி. விழாவிட்டால் கொக்கியின் விளிம்பைச் சின்ன அரத்தால் இரண்டு தேய்ப்பு தேய்த்தால் போதும்.

குழந்தையோ நாயோ பூனையோ இருக்கும் வீட்டில் பொறியைத் திறந்தவெளியில் வைக்கவே கூடாது. ஒரு மரப்பெட்டியில் இரண்டு பக்கமும் ஐந்தாறு சென்டிமீட்டர் அகலத்துக்கு வாசல் வெட்டி, பொறியை நடுவில் வைத்து, மூடியை ஆணியோ திருகாணியோ போட்டு மூடிவிடுங்கள். தோட்டத்தில் வைப்பதற்கும் இதே பெட்டிதான், இல்லையென்றால் பறவை மாட்டும். அணில் நடமாடும் இடம் என்றால் இருட்டிய பிறகு விசையேற்றி, விடிந்ததும் இறக்கிவிடுங்கள். அணில் பகலில்தான் வரும்.

5. மாட்டிய பிறகு

தினமும் காலையில் பாருங்கள். உயிரோடு காயப்பட்டுக் கிடந்தால் தாமதிக்காமல் தலையில் ஒரே அடியாக அடித்து முடித்துவிடுவதுதான் இரக்கம். இதைச் செய்ய மனம் வராதவர்கள் பொறி வைக்கும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

கையுறை கட்டாயம். மனித வாடையை மறைக்க அல்ல, உங்கள் கையைக் காக்க. எலியின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், அது தோலில் உள்ள சிறு வெட்டு வழியாகவும் உள்ளே போகும். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து எலிமேலும் பொறிமேலும் தெளித்து, ஐந்து நிமிடம் கழித்து எடுத்து, இரட்டைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், அல்லது ஆழமாகப் புதையுங்கள். எச்சத்தையும் இப்படி நனைத்துத்தான் துடைக்க வேண்டும். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மூக்குக்குள் போகும்.

6. ஓட்டையை அடைப்பது

ஆறு மில்லிமீட்டர் இடுக்கு போதும், சுண்டெலி உள்ளே வந்துவிடும். பென்சில் நுழைந்தால் அதுவும் நுழையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய எலிக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. எந்த ஓட்டை புழக்கத்தில் இருக்கிறது என்று அறிய, கசக்கிய காகிதத்தைத் திணித்து வையுங்கள். மறுநாள் வெளியே கிடந்தால் அதுதான் வாசல். ஸ்டீல் உல்லைத் திணித்து மேலே சிமென்ட் பூசுங்கள். காற்று வரவேண்டிய துவாரத்துக்கு ஆறு மில்லிமீட்டருக்கும் குறைவான கண் உள்ள இரும்பு வலை அடியுங்கள். நுரை அடைப்பானைத் தனியாக நம்பாதீர்கள், கடித்துத் துப்பிவிடும்.

விஷம் பற்றி நிறைய பேர் கேட்டிருக்கிறார்கள். இரண்டாம் தலைமுறை எலி மருந்துகளான புரோடிஃபாகும், புரோமடியோலோன் போன்றவை எலியை உடனே கொல்லாது, சில நாள் கழித்துத்தான் கொல்லும். அதற்குள் அந்த எலியை ஆந்தையோ பூனையோ பிடித்துத் தின்றால் அதற்கும் ஆபத்து. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். போதாக்குறைக்கு எலி சுவருக்குள்ளோ பொய்க்கூரைக்குள்ளோ போய்ச் செத்தால் அந்த நாற்றத்துக்கு ஒரு மருந்தும் இல்லை.

பிறகு சேர்த்தது: வாசகர்கள் கேட்டவை

*இரை போய்விட்டது, பொறி விழவில்லை.* கொக்கிப் பிரச்சினை, நான்காவது படியைப் பாருங்கள். தட்டில் சின்னச் சின்னதாக அரித்த தடம் மட்டும் இருந்தால் எறும்போ கரப்பானோ தின்றிருக்கிறது. இரைக்குப் பதிலாகப் பஞ்சைக் கட்டிப் பாருங்கள்.

*பொறி விழுந்திருக்கிறது, எலி இல்லை.* பலகை ஆடுகிறதா என்று பாருங்கள். மேடுபள்ளமான தரையில் எலி பலகையின் ஓரத்தை மிதித்ததுமே விழுந்துவிடும்.

*பொறியையே காணோம்.* பெரிய எலி கால் மட்டும் மாட்டி இழுத்துக்கொண்டு போயிருக்கும். பலகையில் ஓட்டை போட்டுக் கம்பியால் ஒரு ஆணியிலோ குழாயிலோ கட்டுங்கள். இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும் என்று ஒருவர் கோபப்பட்டிருந்தார், நியாயம்தான்.

*உயிரோடு பிடிக்கும் கூண்டு வைக்கலாமா?* வைக்கலாம், ஆனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். பக்கத்தில் விட்டால் திரும்பி வரும், தொலைவில் விட்டால் இரையும் மறைவிடமும் தெரியாத இடத்தில் திண்டாடும். கூண்டோடு தண்ணீரில் அமுக்குவது கொடுமை, அதைச் செய்யாதீர்கள்.

*ஒருமுறை மாட்டிய பொறியில் மறுபடி எலி வருமா?* வரும். எலி வாடை எலியைத் துரத்தாது. ரத்தத்தையும் பழைய இரையையும் பிளீச் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். ஸ்பிரிங் இறுகினால் ஒரு சொட்டுச் சமையல் எண்ணெய் விடுங்கள், மெஷின் எண்ணெயின் காட்டமான வாடை வேண்டாம்.

*எல்லாம் பிடித்தாயிற்று, பொறியை எடுத்துவிடலாமா?* ஓட்டையெல்லாம் அடைத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் நாலைந்து பொறிகள் விசையோடு இருக்கட்டும். எலி சினையாகி மூன்று வாரத்தில் குட்டி போடும். கூட்டில் தங்கிவிட்ட குட்டிகள் வெளியே வரத் தொடங்கும்போது சின்னப் பொறிதான் தேவைப்படும், பெரிய தட்டு அவற்றின் எடைக்கு அசையாது.